புதுப்பிப்பு: 1.1.1.1 போட்டும் தடைப் பக்கமே வருகிறதா?

ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை (தளப் பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் சேவை) கிளவுட்ஃப்ளேரின் பொது சர்வரான 1.1.1.1 என்று மாற்றியும், தடுக்கப்பட்ட தளங்களுக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் தடைப் பக்கம்தான் வருகிறது என்று போன இழையில் பலர் கேட்டிருந்தீர்கள். சாதா டிஎன்எஸ் கேள்வி போர்ட் 53 (போர்ட் என்பது ஒவ்வொரு சேவைக்குமான எண் வாசல்) வழியே பூட்டில்லாமல், அதாவது குறியாக்கம் இல்லாமல் போகிறது. நிறுவனம் அதை வழியிலேயே மறித்து, 1.1.1.1 சொன்னதுபோல் வேறு பதில் தந்துவிடலாம்.

சோதிப்பது சுலபம். கணினியில் என்எஸ்லுக்கப் (nslookup) கட்டளையில் ஏதாவது தளத்தின் பெயரையும், அடுத்து சர்வராக 192.0.2.1 என்றும் கொடுங்கள். அது எடுத்துக்காட்டுக்கென ஒதுக்கப்பட்ட முகவரி. அங்கே யாரும் இல்லை. 'டைம்டு அவுட்' வந்தால் சரி. பதில் வந்தால் ரவுட்டரோ நிறுவனமோ மறிக்கிறது.

ஆண்ட்ராய்டு 9 முதல், டிஎன்எஸ் கேள்வியைப் பூட்டி அனுப்பும் 'தனிப்பட்ட டிஎன்எஸ்' அமைப்பு உண்டு. அதைத் 'தானியங்கு' நிலையில் விடாதீர்கள். பூட்டு கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் பழைய முறைக்கே இறங்கிவிடும். 'டிஎன்எஸ் டாட் கூகுள்' (dns.google) என்று கூகுளின் டிஎன்எஸ் சர்வர் பெயரையே கொடுங்கள். இந்தப் பூட்டிய கேள்விகள் போகும் போர்ட் 853ஐ நிறுவனம் அடைத்திருந்தால் நெட்டே நின்றுவிடும். அப்போது ஃபயர்பாக்ஸின் 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' உதவும். அது மற்ற எச்டிடிபிஎஸ் தளங்களும் பயன்படுத்தும் போர்ட் 443 என்பதால் தனியே பிரித்து அடைப்பது கடினம்.

இத்தனைக்கும் பிறகும் தளத்தின் பெயர் கசியும். எச்டிடிபிஎஸ் இணைப்பின் முதல் செய்தியில் எஸ்என்ஐ என்ற பகுதியில் அது அப்படியே தெரியும். இந்தியாவில் சில நிறுவனங்கள் இதைப் பார்த்தே இணைப்பைத் துண்டிக்கின்றன. அந்த முதல் செய்தியையும் பூட்டும் ஈசிஎச் என்ற முறை இதை மறைக்கும், ஆனால் தளமும் அதை ஏற்க வேண்டும்.

விபிஎன் (எல்லாப் போக்குவரத்தையும் பூட்டி வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியே அனுப்பும் சேவை) போட்டால் நம்பிக்கை இணைய நிறுவனத்திடமிருந்து விபிஎன் நிறுவனத்துக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவுப்படி விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.