டயரை வீட்டிலேயே மாற்றலாமா, கூடாதா?

மேலூர் வண்டிக்காரர்:

"டயரைக் கழற்றுவதும் மாட்டுவதும் கடைக்காரர் வேலை, வீட்டில் யாரும் தொடக்கூடாது" என்று டயர் கடை நடத்தும் சிம்மக்கல் அண்ணன் நேற்று இங்கே எழுதியிருந்தார். டியூபும் ஸ்போக்ஸ் வீலும் உள்ள மொபெட், பைக் ஆகியவற்றைப் பொறுத்தவரை இந்தக் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. மல்லிகை விவசாயிகள் பொழுது விடியும் முன்பே பூ மூட்டையை ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் கிளம்புகிறார்கள். கண்மாய்க் கரைப் பாதையில் சீமைக் கருவேல முள் ஏறிவிட்டால், அந்த நேரத்தில் எந்தப் பஞ்சர் கடைக்காரரைப் போய் எழுப்புவது? சந்தைக்குத் தாமதமாகப் போகும் பூவுக்கு விலை கிடைக்காது. டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுக்கும் டயர் லிவர் இரண்டு, ஸ்பேனர், ஒரு கைப்பம்பு, சோப்புத் தண்ணீர் ஆகியவை வீட்டில் இருந்தால் போதும். பக்கத்து வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா ஆலை இருசக்கர வண்டி டயர்களைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. அந்த டயரை ரிம்மில் ஏற்றும் வேலையை மட்டும் நாம் கற்கவே கூடாது என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சிம்மக்கல் டயர் கடை:

தம்பி, பூ விவசாயிகளின் அவசரம் எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் டயரைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். நான் வீலைப் பற்றிப் பேசுகிறேன். பின் வீலைக் கழற்றினால் பிரேக் ராடு, செயின், ஆக்சில் நட் எல்லாவற்றையும் திரும்பச் சரியாகப் பூட்ட வேண்டும். பல பைக்குகளில் டிரம் பிரேக் தட்டு சுழலாமல் பிடித்துக்கொள்ள ஆங்கர் ராடு ஒன்று இருக்கிறது. அதை மாட்ட மறந்தாலோ, அதன் நட் கழன்று விழுந்தாலோ, பிரேக் மிதித்தவுடன் தட்டு வீலோடு சேர்ந்து சுற்றி, பின் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. லிவர் கடித்து டியூப் ஓட்டையானால் நஷ்டம் ஒரு டியூபோடு போய்விடும். இங்கே நிகழும் தவறுக்கு ஆள் விழுவான். வீட்டில் தொடாதீர்கள் என்று நான் எழுதியதன் காரணம் இதுதான்.

மேலூர் வண்டிக்காரர்:

அண்ணன் சொல்லும் ஆபத்தை நான் மறுக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டு செய்ய முடியும் என்பதே என் வாதம். லிவர் டியூபைக் கடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பலம் குறைவல்ல, முறை தெரியாமை. ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. லிவர் போடும் இடத்துக்கு நேர் எதிர்ப்புறத்தில் டயரின் விளிம்பை முழங்காலால் அழுத்தி அந்தப் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டால், இந்தப் பக்கம் தேவையான தளர்வு கிடைத்து, விளிம்பு அதிகப் பலமின்றி மேலேறும். பள்ளத்தில் தள்ளாமல் இரும்பை வைத்து நெம்புகிறவர்கள்தான் டியூபையும் ரிம்மையும் கெடுக்கிறார்கள். புது டியூபுக்குள் வடிவம் வரும் அளவு சிறிது காற்று விட்டு உள்ளே வைத்தால் அது முறுக்கிக்கொள்ளாது. மாட்டுவதை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வு அருகே முடித்து, கடைசியில் வால்வை ஒருமுறை உள்ளே அழுத்திவிட்டால், டயரின் விளிம்புக்கு அடியில் டியூப் சிக்காது. அதற்கு முன், டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றிலும் தடவிப் பார்க்க வேண்டும். முறிந்த முள்ளின் நுனி ரப்பருக்குள்ளேயே இருந்தால், ஊருக்குத் திரும்புவதற்குள் புது டியூபும் பஞ்சராகிவிடும். அவசரத்தில் இதைச் செய்யாத கடைகளும் உண்டு என்பதை அண்ணனே அறிவார்.

திருமங்கலம் கார்காரர்:

பைக்கோடு ஏன் நிறுத்திவிட்டீர்கள்? கார் டயரையும் வீட்டிலேயே மாற்றலாம் என்பது என் கருத்து. டயரை இணையத்தில் வாங்கி, தயாரிப்புக் காலத்தை நாமே படித்துப் பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் இறுதி நான்கு எண்கள் 2319 என்று இருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் நட்டை அளவுக்கு மீறி இறுக்கிவிடுகிறார்கள். நான்கு வழிச்சாலையில் பஞ்சரானபோது என் மனைவியும் நானும் சேர்ந்து வீல் ஸ்பேனர் மேல் ஏறி நின்றும் ஒரு நட் அசையவில்லை. கடைக்குப் போவதே பாதுகாப்பு என்பதை நான் எப்படி நம்புவது?

சிம்மக்கல் டயர் கடை:

துப்பாக்கி பற்றிய உங்கள் புகார் முழுக்க நியாயமானது. நட்டைக் குறுக்கு வரிசையில் கையால் ஏற்றி, கடைசி இறுக்கத்தை அளவு காட்டும் ஸ்பேனரால் கொடுப்பதே முறை. அப்படிச் செய்யாத கடையில் நின்று கேளுங்கள். ஸ்டெப்னி மாற்றுவதை வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் கற்க வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் டியூப்லெஸ் கார் டயரை ரிம்மில் ஏற்றுவது வேறு வேலை. விளிம்பு ரிம்மில் போய் உட்காரக் காற்றழுத்தம் வேண்டும். 40 பிஎஸ்ஐ வரை ஏற்றியும் உட்காரவில்லை என்றால், காற்றை இறக்கிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி முயல வேண்டுமே தவிர, மேலும் ஏற்றக் கூடாது. விளிம்புக்குள் இருக்கும் கம்பி அறுந்தால் டயர் வெடிக்கும். குனிந்து நிற்பவரின் முகமும் கையும்தான் முதலில் அடிபடும். டயருக்குள் பெட்ரோலைத் தெளித்துத் தீ வைத்து உட்கார வைக்கும் காணொளிகளை நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதை யாரும் முயல வேண்டாம். டயரைப் பிடித்து வைக்கும் பூட்டு வளையம் உள்ள லாரி ரிம்மையோ, காற்று இறக்காத எந்த டயரையோ வீட்டில் தொடுவதைப் பற்றி நான் விவாதிக்கக்கூடத் தயாரில்லை. அப்புறம், பாலன்ஸ், அதாவது எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று பார்க்காத முன் வீலோடு வேகமாகப் போனால் ஸ்டியரிங் நடுங்கும். அதைச் சரிபார்க்க எப்படியும் ஒரு கடைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

மேலூர் வண்டிக்காரர்:

கார் விஷயத்தில் நான் அண்ணன் பக்கம். டியூப்லெஸ் டயரைக் கைப்பம்பை வைத்துக்கொண்டு ரிம்மில் உட்கார வைக்க முடியாது.

சிம்மக்கல் டயர் கடை:

அப்படியானால் பைக் விஷயத்திலும் ஓர் எல்லை போட்டுக்கொள்வோம். முன் வீலை வீட்டில் கழற்றிப் பழகுங்கள், அதற்குச் சம்மதிக்கிறேன். பின் வீலைக் கடைக்குக் கொண்டு வாருங்கள்.

மேலூர் வண்டிக்காரர்:

அண்ணே, மூட்டையின் பாரம் ஏறுவது பின் வீலில். பூக்காரர்களுக்குப் பஞ்சராவதும் பெரும்பாலும் அதில்தான். முன் வீலோடு நிறுத்திக்கொள் என்றால், விடியற்காலையில் வழியில் நிற்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆகவே இந்த எல்லையை நான் ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் கடையில் ஒரு பிற்பகல் நேரம் ஒதுக்கி, ஆங்கர் ராடு பூட்டுவதையும், செயினின் தளர்ச்சி பார்ப்பதையும், ஆக்சில் நட் இறுக்குவதையும் எங்களைச் செய்ய வைத்துப் பாருங்கள். தவறாகச் செய்கிறவரை நீங்களே தடுத்து நிறுத்துங்கள்.

சிம்மக்கல் டயர் கடை:

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வாருங்கள். அவரவர் பைக்கையே கொண்டு வர வேண்டும். சக்கரம் பூட்டிய பிறகு முதலில் ஓட்டிப் பார்ப்பவர் பூட்டியவராகத்தான் இருக்க வேண்டும்.