கலைச்சொல்: 'டைம் அவுட்' என்பது காலாவதியா, கெடு கடந்ததா?

வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு முகவர் நிரல்கள் தாமே இயக்கிப் பார்க்கும் நெட்வொர்க் சோதனைக் கருவிக்கான ஆவண வரைவில், பதில் வராமலே காத்திருப்பு நேரம் முடிந்துபோவதான டைம் அவுட் என்பதைக் 'காலாவதி' என்று போட்டிருக்கிறோம். இதை மாற்றியே ஆக வேண்டும். நாள் கடந்த டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்பு) சான்றிதழையும் காலாவதி என்றுதான் சொல்கிறோம். அது ஊரறிந்த வழக்கு. ஆள் படித்தால் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். நிரலுக்கோ கருவி திருப்பித் தரும் ஒரு வரிதான் ஆதாரம். 'இணைப்பு காலாவதி' என்று கண்டால், சான்றிதழைப் புதுப்பிக்கச் சொல்லிப் பயனரிடம் வந்து நிற்கும். உண்மையில் நடுவே ஒரு ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கும். இணைய முகவரியை அழைத்துப் பார்க்கும் கட்டளையான கர்ல், இரண்டுக்கும் வெவ்வேறு வெளியேறு எண் (முடியும்போது தரும் நிலை எண்) தருகிறது: நேரத்துக்குள் முடியாவிட்டால் 28, சான்றிதழை ஏற்க முடியாவிட்டால் 60. கருவி பிரித்துச் சொல்வதை நாம் ஒட்டவைக்கக் கூடாது.

என் முன்மொழிவு 'கெடு கடந்தது'. கெடு என்பது காத்திருப்பவர் விதிப்பது. டைம் அவுட்டும் அப்படித்தான்: ஐந்து நொடி என்று வைப்பது நம் பக்கம், சர்வருக்கு அதில் பங்கில்லை.

---

> என் முன்மொழிவு 'கெடு கடந்தது'

காலாவதி வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன், ஐயா. ஆனால் கெடு என்பதில் மிரட்டல் தொனி இருக்கிறதே. 'நேரம் கடந்தது' என்று எளிமையாக வைத்தால் என்ன?

---

> 'நேரம் கடந்தது' என்று எளிமையாக வைத்தால் என்ன?

அது வேறோர் இடத்தில் மோதும். 1981-இல் வந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 792-இல், நெட்வொர்க் பிழைகளை அறிவிக்கும் ஐசிஎம்பி செய்திகளில் வகை 11-இன் பெயர் 'டைம் எக்சீடட்'. நேர்ப்பெயர்ப்பு 'நேரம் கடந்தது' என்றுதான் வரும். ஆனால் அங்கே நடைமுறையில் எண்ணப்படுவது நேரமே இல்லை. பாக்கெட் கடக்கும் ஒவ்வொரு ரௌட்டரும் அதிலுள்ள டிடிஎல் எண்ணை (இன்னும் எத்தனை தாவல் போகலாம் என்பதை) ஒன்று குறைக்கும். சுழியானதும் பாக்கெட்டைக் கைவிட்டு அனுப்பியவருக்கு இந்தச் செய்தியை அனுப்பும். ட்ரேஸ்ரூட் கட்டளை பாக்கெட் போகும் வழியைக் கண்டுபிடிப்பதே இதை வைத்துத்தான். அதாவது வகை 11 வந்தால் யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். டைம் அவுட்டில் பதிலே இல்லை. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் முகவர் நிரல் தலைகீழாக முடிவெடுக்கும். வகை 11-க்குத் 'தாவல் தீர்ந்தது' பொருந்தும். தொனியைப் பொறுத்தவரை, பரீட்சைக் கட்டணத்துக்குக்கூடக் கெடு என்றுதான் செய்தித்தாளில் வருகிறது.

'இணைப்பு மறுப்பு' என்பதையும் இதோடு சேர்த்துக் காப்பாற்ற வேண்டும். லினக்ஸில் பிழை எண் 111 வந்தால், பெரும்பாலும் எதிர் எந்திரம் உயிரோடு இருக்கிறது, அந்த போர்ட்டில் (சர்வீஸுக்கான வாசல் எண்ணில்) கேட்க ஆள் இல்லை என்று பொருள். சர்வீஸ் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். 110 வந்தால் கெடு கடந்தது; ஃபயர்வால், ரௌட்டிங் பக்கம் போக வேண்டும். வரைவில், வெப் சர்வர் பதிலாகத் தரும் எச்டிடிபி 403 என்ற நிலை எண்ணுக்கும் 'மறுப்பு' என்றிருக்கிறது. அதை 'அனுமதி இல்லை' என்று மாற்றுவோம். 403 வந்துவிட்டது என்றாலே நெட்வொர்க் வேலை செய்கிறது.

---

தாவல் தீர்ந்தது, கெடு கடந்தது இரண்டையும் ஏற்கிறேன். மொத்தமாக 'எட்டவில்லை' என்று எழுதியிருக்கும் இடங்களையும் பிரிக்க வேண்டும். சர்வர் பெயருக்கு முகவரி கிடைக்காதது கர்லில் 6, போர்ட் இணையாதது 7, டிஎல்எஸ் கைகுலுக்கல் முறிவது 35. எச்டிடிபிஎஸ் போர்ட்டான 443 இணைந்து டிஎல்எஸ் முறிவது கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை. அதை 'எட்டவில்லை' என்று எழுதினால் பாதிச் செய்தி போய்விடும். எந்தப் படியில் நின்றது என்பதை வரியின் முதலிலேயே சொல்ல வேண்டும்: பெயர், போர்ட், டிஎல்எஸ், மறுமொழி.

எதிர் எந்திரம் பதில் தருகிறதா என்று ஐசிஎம்பி வழியே கேட்கும் பிங் கட்டளை பற்றிய பத்திக்கு ஓர் எச்சரிக்கை தேவை. எண்ணிக்கை கொடுக்காவிட்டால் லினக்ஸில் பிங் தானாக நிற்காது, முகவர் நிரல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். விண்டோஸில் நான்கோடு நின்றுவிடும். கண்டெய்னருக்குள் (தனியே ஒதுக்கிய இயக்கச் சூழலுக்குள்) அனுமதி இல்லாமலும் பிங் தோற்கும். அப்போது வெளியேறு எண் 2, பதில் வராதபோது 1. இரண்டையும் 'இணைப்பு இல்லை' என்று மொழிபெயர்க்கக் கூடாது. பல சர்வர்கள் ஐசிஎம்பியை அடைத்துவிட்டு 443-ஐ மட்டும் திறந்து வைத்திருக்கும்.

கெடு எவ்வளவு என்பதையும் வரியிலேயே போடுவோம். லினக்ஸ் இயல்பாக இணைப்புக் கோரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். இரண்டு நிமிடம்கூட ஆகலாம். அதற்குள் முகவர் நிரலின் சொந்தக் கெடு முடிந்து கட்டளையே துண்டிக்கப்பட்டால், வெளியேறு எண் எதுவும் கையில் இருக்காது. ஆகவே இணைய 5 நொடி, மொத்தம் 15 நொடி என்று இரண்டு கெடுவையும் எடுத்துக்காட்டில் வெளிப்படையாகக் கொடுக்கலாம். வரி இப்படி இருக்கும்:

படி: போர்ட் 443. நிலை: கெடு கடந்தது. வைத்த கெடு: 5 நொடி. எதிர்ப்பக்கப் பதில்: இல்லை. கர்ல் எண்: 28.