கஷ்ட காலம் தாண்டியாச்சு, ஆனாலும் எதுலயும் மனசு ஒட்டலை. நன்றிக் குறிப்பு எழுதினா பலன் இருக்குமா?

வேப்பம்பூ (கேள்வி):
எல்லாருக்கும் வணக்கம். வீட்ல நோய், பணநெருக்கடி ரெண்டும் சேர்ந்து ரொம்ப நாள் இழுத்துச்சு. இப்ப பெரிய பாரம் இறங்கியாச்சு. ஆனா நிம்மதி வந்த மாதிரியே இல்லை. பிடிச்ச பாட்டு ஓடினாலும் காதுல விழுது, உள்ள இறங்கலை. தினமும் நன்றி சொல்ல வேண்டிய விஷயங்களை நோட்டுல எழுதச் சொல்றாங்க. உட்கார்ந்தா குடும்பம், உடல்நலம், வீடுன்னு அதே மூணு வார்த்தைதான் வருது. கடமைக்கு எழுதுற மாதிரி ஆயிடுது. எத்தனை எழுதணும், எப்ப எழுதணும், எழுதியும் உள்ள எதுவும் அசையலைன்னா என்ன செய்யணும்? இந்த விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கைவிளக்கு:
நெருக்கடி முடிந்த மறுநாளே மனம் மலர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பதாலேயே பலரும் கூடுதலாக வாடிப்போகிறார்கள். அடுத்த அடி எங்கிருந்து விழும் என்று மாதக்கணக்கில் காவல் காத்த கவனம், ஆபத்து நீங்கியதும் உடனே ஓய்ந்துவிடாது. நல்லதைவிடக் கெட்டது ஆழமாகப் பதிவது மனித மனத்தின் பொது இயல்பு. ராய் பாமைஸ்டரும் சக ஆய்வாளர்களும் 2001இல் இதற்கான ஆதாரங்களைத் தொகுத்தே எழுதியிருக்கிறார்கள். அதனால் “எனக்கு நன்றியுணர்வே இல்லையோ” என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இனி எழுதும் முறை. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதியில், வாரத்துக்கு ஒருமுறை ஐந்து விஷயம் வரை 10 வாரம் எழுதவைத்தார்கள். 2005இல் மார்ட்டின் செலிக்மன் குழு வேறு விதமாகச் செய்தது: ஒரு வாரம், தினமும் இரவில், அன்று நன்றாக நடந்த மூன்று விஷயம், ஒவ்வொன்றுக்கும் கீழே “இது ஏன் நடந்தது?” என்பதற்கு ஒரு பதில். பலரும் அந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் அங்கேதான் பாதி பலன் இருக்கிறது.

“குடும்பத்துக்கு நன்றி” என்று எழுதினால் மனம் எதையும் தேட வேண்டியதில்லை, வார்த்தை தானாக வந்துவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்: “மொட்டைமாடியில் காயப்போட்ட துணியை மறந்திருந்தேன். தூறல் விழுந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துவந்து, மடித்து, வாசல் நாற்காலியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஏன் நடந்தது: நான் வெளியே போனதை அவர் கவனித்திருக்கிறார். சொல்லாமலே செய்யத் தோன்றியிருக்கிறது.” இதை எழுத அந்த நாற்காலி, மடிப்பு, ஈரம் படாத துணி எல்லாம் கண்முன் வந்தாக வேண்டும். அசைவு வருவது அப்போதுதான். நபர், இடம், செயல் மூன்றும் இல்லாத வரியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.

முதல் ஒரு வாரம் தினமும் மூன்று. பிறகு வாரத்துக்கு ஒருமுறை போதும். சோன்யா லூபோமிர்ஸ்கியின் ஆறு வார ஆய்வில், வாரத்துக்கு ஒருமுறை எழுதியவர்களிடம் தெரிந்த முன்னேற்றம் மூன்று முறை எழுதியவர்களிடம் தெரியவில்லை. அடிக்கடி செய்தால் சலிப்புத் தட்டிவிடுகிறது. பத்து, இருபது என்று பட்டியல் நீட்டுவதும் கெடுதல். ஏழாவதுக்கு மேல் தேடித் தவிக்கும்போது “என் வாழ்க்கையில் நல்லது குறைவுதான் போல” என்ற முடிவுக்கு மனம் வந்துவிடும்.

பணநெருக்கடி என்று சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். உதவி வாங்கிய இடத்தில் நன்றியும் கடன்பட்ட உணர்வும் பின்னிக்கொள்ளும். நன்றி அவரை நோக்கி இழுக்கும், கடன்பட்ட உணர்வு அவர் கண்ணில் படாமல் ஒதுங்கச் சொல்லும். ஒருவர் பெயரை எழுதும்போது நெஞ்சு இறுகினால், திருப்ப வேண்டிய தொகை, தவணை, தேதி எல்லாவற்றையும் வேறொரு தாளில் கணக்காக எழுதிவிடுங்கள். நன்றி நோட்டில் அவர் அன்று நடந்துகொண்ட விதம் மட்டும் இருக்கட்டும். “என்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர்” என்ற வரியையும் சேர்க்காதீர்கள். அதில் பெரும்பாலும் மிஞ்சுவது குற்றவுணர்வு.

ஆலங்கன்று:
கைவிளக்கு சொன்னதெல்லாம் சரி. ஆனா வரிசையை மாத்தணும்னு நினைக்கிறேன். பாட்டே உள்ள இறங்கலைன்னு சொல்றவங்க, எழுதுறதுக்கு முன்னாடி எதையாவது செய்யணும். நாள் முழுக்க இனிமையா எதுவும் நடக்கலைன்னா ராத்திரி எதை எழுதுறது?

மனச்சோர்வு சிகிச்சையில பீட்டர் லூவின்சோன் 1970கள்ல வலியுறுத்தின வழி இது: மனநிலை வரட்டும்னு காத்திருக்காம செயலை முதல்ல வைக்கிறது. முதல் வாரம் எதையும் மாத்த வேண்டாம். ஒரு தாள்ல நேரம் போட்டு, என்ன செஞ்சீங்கன்னு ரெண்டு வார்த்தை. பக்கத்துல ரெண்டு எண், 0லேருந்து 10 வரை. ஒண்ணு, அது எவ்வளவு இனிமையா இருந்துச்சு. இன்னொண்ணு, செஞ்சு முடிச்ச திருப்தி எவ்வளவு. ரெண்டையும் தனித்தனியா போடணும். அலமாரி அடுக்கினது இனிமையில 1, திருப்தியில 5ன்னு வரலாம். ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா அந்த 5 காணாம போயிடும்.

ரெண்டாவது வாரம், அந்தத் தாள்ல கொஞ்சமாவது எண் ஏறின ரெண்டு செயலை எடுங்க. ஒவ்வொண்ணும் 10 அல்லது 15 நிமிஷம். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம்னு முன்கூட்டியே எழுதிடுங்க. தொடங்குறதுக்கு முன்னாடி எவ்வளவு இனிமையா இருக்கும்னு ஒரு ஊகம், முடிச்சதும் உண்மையான எண். சோர்ந்த மனசு பெரும்பாலும் குறைச்சுத்தான் ஊகிக்கும். 2ன்னு நினைச்சது 4ன்னு வர்றதைத் தாள்லயே பார்க்குறது, யாரோ சொல்ற ஆறுதலைவிட நல்லா நம்ப வைக்கும்.

பாட்டுக்கு வருவோம். ஒரே ஒரு பாட்டு, வேற வேலை இல்லாம, போனைக் கவுத்து வச்சுட்டு. முதல் தடவை தாளத்தை மட்டும் கேளுங்க. அடுத்த தடவை பின்னணியில வர்ற ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்க. “ரசிக்கிறேனா, ரசிக்கிறேனா”ன்னு நடுவுல சோதிச்சா ரசனை அங்கேயே கலைஞ்சுடும். கவனிக்கிறது மட்டும்தான் உங்க வேலை. குளிக்கும்போதும் இதே மாதிரி: முதல் குவளைத் தண்ணி தோள்ல விழுற சூடு, அது முதுகுல இறங்குறது. அரை நிமிஷம் அதோட இருங்க, போதும்.

பொதுவா எங்க தப்பாகும்னா, வெளியூர்ப் பயணம், பெரிய விருந்துன்னு பெருசா தொடங்குறது. அதுக்கே தெம்பு இருக்காது, தள்ளிப்போடுவோம், தள்ளிப்போட்டதுக்கு வருத்தப்படுவோம். இன்னொண்ணு, பழைய சந்தோஷத்தோட ஒப்பிடுறது. முன்னாடி 9 இருந்த இடத்துல இப்ப 3 வந்தா தோல்வி இல்லை. போன வாரம் 1 இருந்துச்சான்னு பாருங்க.

நோயாளியைப் பார்த்துக்கிட்டவங்களுக்குத் தூக்கம் துண்டு துண்டா ஆகியிருக்கும். எழுந்திரிக்கிற நேரத்தை விடுமுறை நாள்லயும் மாத்தாதீங்க. எழுந்ததும் கொஞ்ச நேரம் வெளிச்சத்துல நில்லுங்க. தூக்கம் சீராகலைன்னா மத்ததெல்லாம் சரியா வேலை செய்யறது கஷ்டம்.

நடுவழி:
ரெண்டு பேரும் நல்லா சொல்லியிருக்காங்க. நான் எல்லையை மட்டும் சொல்றேன். நன்றிப் பயிற்சிகள் மனச்சோர்வு, பதற்றம் ரெண்டுலயும் தர்ற பலன் சிறிய அளவுதான்னு 2021ல வந்த தொகுப்பாய்வு (பல ஆய்வுகளோட முடிவைச் சேர்த்துப் பார்க்குறது) ஒண்ணு காட்டுது. அது துணைக்கு நல்லது, சிகிச்சைக்கு மாற்று ஆகாது. நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும், ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் நாட்டமில்லாம இருந்து, அதோட தூக்கம், பசி, கவனம் எல்லாம் கெட்டிருந்தா டாக்டரைப் பாருங்க. தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 குறைவு இதெல்லாம்கூட இப்படி ஆளைச் சோர வைக்கும். ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சுடும். வாழவே பிடிக்கலைங்கிற எண்ணம் தலைகாட்டினா நோட்டு, தாள் எல்லாத்தையும் ஓரம் வச்சுட்டு அன்னைக்கே ஒருத்தர்கிட்ட சொல்லி மருத்துவ உதவிக்குப் போயிடணும்.

வேப்பம்பூ:
மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. ஆலங்கன்று சொன்ன தாள்லேருந்தே தொடங்குறேன். ரத்தப் பரிசோதனையும் செஞ்சுக்கிறேன். இன்னொரு சந்தேகம். அந்தக் காலத்துல கைகொடுத்தவங்க சிலர்கிட்ட இன்னும் ஒழுங்கா நன்றி சொல்லலை. இவ்வளவு தாமதமா சொன்னா அசட்டுத்தனமா இருக்காதா?

கைவிளக்கு:
இருக்காது. அமித் குமார், நிக்கலஸ் எப்லி 2018இல் இதையே சோதித்தார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுபவர் எவ்வளவு சங்கடப்படுவார் என்பதை மிகையாக ஊகித்தார்கள். அவர் எவ்வளவு மகிழ்வார் என்பதைக் குறைத்து ஊகித்தார்கள். எழுதுகிறவர் “வார்த்தை சரியாக வந்ததா” என்று பார்க்கிறார், பெறுகிறவர் அதிலுள்ள அன்பைப் பார்க்கிறார்.

ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். அவர் என்ன செய்தார், அது எந்த நாள், அதனால் அன்று உங்களுக்கு எது எளிதானது, இப்போது நீங்கள் எப்படி இருக்கிறீர்கள். “நீங்கள் செய்த உதவியை மறக்க மாட்டேன்” என்பது யாருக்கும் எழுதலாம். “மருத்துவமனை வரிசையில் எனக்குப் பதிலாக நீங்கள் நின்ற அந்த இரண்டு மணி நேரம் நான் தூங்கினேன்” என்பது அவருக்கு மட்டும்தான் எழுத முடியும். தாமதத்துக்கு ஒரே வரியில் மன்னிப்புக் கேட்டால் போதும், அதை நீட்டினால் கடிதம் உங்களைப் பற்றியதாகிவிடும். அதே கடிதத்தில் புதிய உதவி எதையும் கேட்காதீர்கள்.

முடிந்தால் நேரில் போய் வாசியுங்கள். செலிக்மன் குழுவின் ஆய்வில் உடனடி மகிழ்ச்சியை அதிகம் தந்த பயிற்சி இதுதான், ஆனால் அது ஒரு மாத அளவில்தான் நின்றது. அதனால் எல்லாக் கடிதத்தையும் ஒரே வாரத்தில் கொடுத்துத் தீர்க்காமல் மாதத்துக்கு ஒருவர் என்று இடைவெளி விடுங்கள். முதல் ஆளாக, பணம் தந்தவரைவிட, பேசச் சுலபமான ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்.