மெட்டாசெர்க்கேரியாவுக்கு 'அமர்குடம்பி' சரிவருமா?

வணக்கம்.

நத்தையிலும் பிறகு மீனிலும் ஒட்டுண்ணியாக வாழும் தட்டைப்புழுக்களின் லார்வாக் கட்டங்களில், மீனுக்குள் இருக்கும் மெட்டாசெர்க்கேரியாவுக்கு 'பின்வாற்புழு' என்ற முன்மொழிவைப் பார்த்தேன். அதற்கு முந்தைய, வாலால் நீந்தும் கட்டமான செர்க்கேரியா 'வாற்புழு' என்றால் அடுத்த கட்டத்துக்கு ஒரு 'பின்' போட்டுவிடலாம் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்தக் கட்டத்தில் வாலே கிடையாது. மீனின் தோலைத் துளைத்து நுழையும்போதே அது கழன்றுவிடுகிறது. 'பின்வால்' என்று படித்துவிட்டு வரும் மாணவர் நுண்ணோக்கியில் வாலைத்தான் தேடுவார்.

இந்தப் பெயர்கள் பிறந்த கதையும் கொஞ்சம் கோணல். 1773இல் டென்மார்க் இயற்கை ஆய்வாளர் முல்லர் 'செர்க்கேரியா' என்று பெயர் வைத்தபோது, அதைத் தனியொரு பேரினமாகவே எண்ணினார். வாலுக்கு உரிய கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொண்டார். அது ஒரு தட்டைப்புழுவின் வாழ்வில் வந்துபோகும் கட்டம் என்பது 1842இல் இன்னொரு டென்மார்க் ஆய்வாளர் ஸ்டீன்ஸ்டிரப் எழுதிய பிறகுதான் பரவலாகப் புரிந்தது. நத்தைக்குள் இருக்கும் கட்டமான ரீடியாவோ பிரான்செஸ்கோ ரெடி என்ற இத்தாலியரின் பெயர். ஒன்றில் உறுப்பு, இன்னொன்றில் ஆள். இதையெல்லாம் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் கட்டாயம் நமக்கு இல்லை.

மெட்டாசெர்க்கேரியாவுக்கு இன்னொரு சொல்லான 'உறைப்புழு' இதைவிடப் பரவாயில்லை. சில மீன்களின் தோலிலும் துடுப்பிலும் மிளகுத்தூள் தூவினாற்போல் கரும்புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் உறை கட்டிக்கொண்டு ஒரு புழு சுருண்டு கிடக்கும். கறுப்பு நிறம் புழுவினுடையது அல்ல. உறையைச் சுற்றி மீனே படியவைத்த மெலனின். இங்கே அந்தச் சொல் கச்சிதம். சரி, டிப்ளோஸ்டோமம் என்ற தட்டைப்புழுவுக்கு என்ன செய்வது? நுனி பிளந்த வாலுடன் நீந்தி வரும் அதன் செர்க்கேரியா, வாலை விட்டுவிட்டு மீனின் கண்வில்லைக்குள் போய்ச் சேர்கிறது. அங்கே அது உறை கட்டுவதே இல்லை. வில்லையைப் பிரித்து வைத்துப் பார்த்தால் புழுக்கள் நெளிந்துகொண்டிருக்கும். நிறைய சேர்ந்தால் கண்புரை விழுந்து மீன் குருடாகும்.

உறை உண்டோ இல்லையோ, இவை எல்லாமே மீனுக்குள் முதிராமல் இருந்துகொண்டு, அந்த மீனைப் பறவையோ வேறு விலங்கோ தின்னும்வரை காத்திருப்பவை. அதனால்தான் 'அமர்குடம்பி' என்கிறேன். லார்வாவுக்குக் 'குடம்பி' இலங்கைப் பாடநூல்களில் ஏற்கெனவே புழங்கும் சொல். வினைத்தொகை என்பதால் நடுவில் 'க்' போட வேண்டாம்.

மற்றக் கட்டங்களுக்கும் இதே வழியில் போகலாம். முட்டையிலிருந்து வரும் மிராசிடியம் குற்றிழைகளால் நீந்தும், எதையும் தின்னாது, ஏறக்குறைய ஒரு நாளுக்குள் நத்தையைக் கண்டுபிடிக்காவிட்டால் செத்துப்போகும்: 'குற்றிழைக்குடம்பி'. நத்தைக்குள் வாயும் குடலும் இல்லாத வெறும் பையாகக் கிடக்கும் ஸ்போரோசிஸ்ட்: 'பைக்குடம்பி'. செர்க்கேரியா: 'வாற்குடம்பி'. ரீடியாவை அப்படியே விட்டுவிடலாம். ஆள் பெயரை மாற்றுவானேன்?

நாடாப்புழுவின் லார்வாக் கட்டமான பிளீரோசெர்க்காய்டும் மீனுக்குள்தானே இருக்கிறது, அதுவும் அமர்குடம்பியா என்று யாராவது கேட்கலாம். வேண்டாம் என்பேன். லிகுலா என்ற நாடாப்புழுவின் அந்தக் கட்டத்தைப் பாருங்கள்: கெண்டைக் குடும்ப மீன்களின் உடற்குழியில் நாடாவாக நீண்டு வளர்ந்து, வயிறு புடைக்கும் அளவுக்கு இடத்தை அடைத்து, சினைப்பையையும் வளரவிடாமல் செய்கிறது. இதைப் போய் அமர்ந்திருப்பது என்று எப்படிச் சொல்வது? அதற்கு 'நாடாக்குடம்பி' போதும்.

டிப்போர்ப்பாவுக்குத்தான் எனக்குச் சொல் பிடிபடவில்லை. டிப்ளோசூன் என்ற செவுள் ஒட்டுண்ணியின் இளம்பருவம் அது. நத்தை தேவையில்லாத வேறு வகுப்பு. இரண்டு டிப்போர்ப்பாக்கள் செவுளில் சந்தித்தால் குறுக்காக ஒட்டி, திசுவோடு திசு இணைந்து, ஆயுள் முழுக்கப் பிரிவதில்லை. துணை கிடைக்காதது முதிர்வதும் இல்லை. 'இணைகுடம்பி' என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் கடைசிவரை தனியாகவே இருந்துவிட்டதை 'இணையாத இணைகுடம்பி' என்றா எழுதுவது? வேறு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.