புதுப்பிப்பு: உருளும் சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்கு முடுக்கம் உண்டா?

முன்பு நான் கேட்டது இதுதான்: வழுக்காமல் உருளும் சக்கரத்தில், தரையைத் தொடும் புள்ளியின் திசைவேகம் அந்தக் கணத்தில் சுழி. அப்படியானால் முடுக்கமும் சுழியா?

இல்லை. "நிற்கிற புள்ளிக்கு ஏது முடுக்கம்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மேலே எறிந்த பந்தும் உச்சியில் ஒரு கணம் நிற்கத்தான் செய்கிறது. புவியீர்ப்பு முடுக்கம் அப்போது மறைந்துவிடுவதில்லையே.

சரி, கணக்குக்கு வருவோம். சைக்கிள் சீரான வேகத்தில் நேராகப் போனால் அச்சுக்கு முடுக்கம் கிடையாது. விளிம்பிலுள்ள புள்ளிகளுக்கு மையநோக்கு முடுக்கம் மட்டும்தான்: வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தது. வேகம் விநாடிக்கு 5 மீட்டர், ஆரம் 0.35 மீட்டர் என்று வைத்தால் சுமார் 71 மீ/வி² வருகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏழு மடங்கு! தொடுபுள்ளியில் அதன் திசை நேர் மேலே. அந்தப் புள்ளியின் பாதையை வரைந்து பாருங்கள், சைக்ளாய்டு என்ற வளைகோடு கிடைக்கும். தரையைத் தொடும் இடத்தில் அதற்கு ஒரு கூர்முனை இருக்கும்.

மிதித்து வேகம் கூட்டினால்? அச்சின் முன்னோக்கிய முடுக்கமும், சுழற்சி கூடுவதால் தொடுபுள்ளிக்கு வரும் பின்னோக்கிய முடுக்கமும் ஒன்றையொன்று அடித்துவிடும். மேல்நோக்கியது மட்டும் மிச்சம். சக்கரத்தின் உச்சியிலோ அவை கூடி, முன்னோக்கிய முடுக்கம் அச்சினுடையதைப் போல இரு மடங்காகிறது. டயர் வழுக்க ஆரம்பித்தால் இந்தக் கணக்கு செல்லாது.

அப்புறம், திட உருளையையும் மெல்லிய வளையத்தையும் ஒரே சரிவில் வழுக்காமல் உருளவிட்டால் எது முந்தும் என்ற கேள்விக்கு: திட உருளை. உராய்வில்லாமல் சறுக்கும் பொருளின் முடுக்கத்தில் 2/3 பங்கு அதற்கு, மெல்லிய வளையத்துக்குப் பாதிதான். நிறையும் ஆரமும் எவ்வளவானாலும் இதே விடைதான்.