ஓவன்பேர்டு: நடையே முதல் அடையாளம்

நியூயார்க் மாநிலத்தின் ஹாரிமன் பூங்காவில் மே மாதக் காலைகளில் ஓவன்பேர்டு என்ற சிறு பறவையின் குரல் கேட்காத ஓக் காடு அரிது. ஆனால் குரலுக்கு உரிய பறவையைக் கண்ணால் காண்பதற்குப் பொறுமை வேண்டும். ‘டீச்சர், டீச்சர், டீச்சர்’ என்று பறவை நோக்குவோர் எழுதிக்காட்டும் அந்தப் பாட்டு மெல்லத் தொடங்கிப் போகப் போக உரத்து ஒலிப்பதால், பறவை நம்மை நோக்கி வருவதுபோலத் தோன்றும். உண்மையில் அது ஒரே கிளையில் நின்றபடி பாடிக்கொண்டிருக்கும். இரை தேடுவதும் கூடு கட்டுவதும் தரையில்தான் என்றாலும், ஆண் பறவை பெரும்பாலும் கிளையில் நின்றே பாடுவதால், சருகை மட்டும் துழாவும் கண்களுக்கு அது அகப்படாது.

அங்கே ஒரு முறை, பாட்டு நின்றதும் நானும் உடன் வந்த நண்பரும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தபோது, பறவை இறங்கி வந்து விழுந்து கிடந்த மரத்தின் மீது நடக்கத் தொடங்கியது. தத்தவில்லை, இளஞ்சிவப்புக் கால்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்து, வாலைச் சற்றே நிமிர்த்தி, அடிக்கொரு முறை தலையை முன்னே நீட்டி நடந்தது. பிறகு சருகுக்குள் இறங்கி, ஓர் இலையின் விளிம்புக்கடியில் அலகை நுழைத்துச் சிறு பூச்சி ஒன்றை எடுத்தது. வெண்ணிற மார்பில் கரிய கீற்றுகளும், கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையமும் அப்போது தெளிவாகத் தெரிந்தன.

பறவைகளை இனங்காண உதவும் கையேடுகள் இதன் உச்சந்தலையின் ஆரஞ்சுப் பட்டையை முன்னிறுத்துகின்றன. மரநிழலில் அந்த நிறம் மங்கிவிடுகிறது; பறவை தலையைக் குனியும்போதோ, கலவரமுற்று உச்சி இறகுகளைச் சிலிர்க்கும்போதோதான் பளிச்சென்று தெரிகிறது. ஆகவே நடையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடிய ஹெர்மிட் த்ரஷ் என்ற பறவைக்கும் பழுப்பு முதுகு, கண் வளையம், மார்புப் புள்ளிகள் எல்லாம் உண்டு. ஆனால் அது சற்றுப் பெரியது, தத்தித் தத்திச் சென்று நின்று பார்க்கும் இயல்புடையது. இதேபோலத் தோன்றும் வாட்டர்த்ரஷ் என்ற பறவை இனங்கள் இரண்டும் நடப்பவையே. எனினும் அவற்றுக்குக் கண் வளையத்துக்குப் பதிலாக நீண்ட வெளிர் புருவம் இருக்கும். நீரோரத்தில் வாலாட்டிக் குருவியைப் போலப் பின்னுடலை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்கும்.

கூட்டைத் தேடிப் போக வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பக்கவாட்டில் வாசல் வைத்துக் காய்ந்த இலைகளால் கூரை வேய்ந்த அந்தக் கூடு, மேலிருந்து பார்த்தால் வெறும் சருகுக் குவியல்தான். காலடியில் இருந்து பறவை எழுந்து, காயம்பட்டதுபோல் இறக்கையைத் தொங்கவிட்டுத் தரையில் ஓடினால், அடுத்த அடியை வைக்காமல் வந்த தடத்திலேயே திரும்பிவிடுவது நல்லது.

செப்டம்பரில் தெற்கே வலசை போகும் வழியில் இவை நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவிலும் தங்கிச் செல்கின்றன. அப்போது வசந்தகாலப் பாட்டின் துணை கிடைப்பதில்லை. புதர்களின் அடியில் சருகு அசைகிற இடத்தில் பைனாகுலரை நிறுத்தி, அசைவது தத்துகிறதா நடக்கிறதா என்று முதலில் கவனியுங்கள்.