வானொலிக் குரலும் டிஸ்டார்ஷனும்: என் அனுபவம்

கடந்த ஏப்ரலில், தமிழ்மொழி விழாவையொட்டி எங்கள் சமூக மன்றத் தொண்டூழியர்கள் தயாரித்த ஒலிநாடகத்துக்கு ஒலித்தொகுப்புச் செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. அதில் ஒரு காட்சி 1965 ஆகஸ்ட் 9 அன்று நடக்கிறது. காலை 10 மணிக்கு, மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்துவிட்டதாக வானொலி அறிவிக்க, கம்பத்து (கிராமத்து) வீடு ஒன்றில் சமையல் பாதியில் நின்றுபோகிறது. உட்லண்ட்ஸில் உள்ள என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் படுக்கையறையில், அலமாரிக் கதவில் போர்வையைத் தொங்கவிட்டு, அந்த அறிவிப்பை நண்பர் ஒருவர் மிகத் தெளிவாகப் பேசிக் கொடுத்தார். அந்தக் குரல் பழைய வானொலியிலிருந்து வருவதுபோல் கேட்க வேண்டும்.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், ஒலியலையை வேண்டுமென்றே சிதைக்கும் ‘டிஸ்டார்ஷன்’ வசதியைத் திறந்து ‘ஹார்ட் கிளிப்பிங்’ வகையைத் தேர்ந்தேன். அது ஒலியலையின் உச்சிகளை ஒரு வரம்பில் தட்டையாக வெட்டிவிடும். வரம்பை இறக்க இறக்கக் குரல் கனமாகிக்கொண்டே போவதாகத் தோன்றியது. உண்மையில், உச்சிகளை வெட்டி மீதியை உயர்த்தும்போது சராசரி ஒலியளவு கூடிவிடுகிறது. உரத்துக் கேட்பதையே நம் செவி நல்லதென்று எடுத்துக்கொள்கிறது. இரவு 11 மணிக்கு ஹெட்போனில் எனக்கு மிகவும் பிடித்திருந்த அந்தக் குரலை மறுநாள் ஒத்திகையில் ஒலிக்கவிட்டபோது, ‘சிங்கப்பூர்’ என்ற சொல்லின் முதல் எழுத்தே கிழிந்த தகரம்போல் ஒலித்தது. 1965இல் 15 வயதுச் சிறுமியாக இருந்த ஓர் அம்மையார் சொன்னார்: “எங்க வீட்டு ரேடியோ இப்படிக் கத்தாது தம்பி. மூக்கால பேசுற மாதிரி இருக்கும், ஆனா ஒரு வார்த்தை தப்பாது.”

அன்று இரவே திருத்த உட்கார்ந்தேன். சிதைத்த ஒலியைச் சேமித்து மென்பொருளை மூடியிருந்ததால், முந்தைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. தடத்தை நகலெடுத்து வைக்கவும் தவறியிருந்தேன். நண்பர் வேலை முடிந்த களைப்போடு மீண்டும் வந்து, முழு அறிவிப்பையும் பேச வேண்டியதாயிற்று. அவருடைய அந்த மாலைப்பொழுதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

உச்சிகள் இருபுறமும் சமமாக வெட்டப்படும்போது ஒற்றைப்படை மேற்சுரங்கள், அதாவது மூல அதிர்வெண்ணைப்போல் 3, 5, 7 மடங்கான ஒலிகள், பிறக்கின்றன. 200 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து 600, 1,000, 1,400 ஹெர்ட்ஸ் ஒலிகள் எழுகின்றன. மனிதக் குரலில் ஒரே நேரத்தில் பல அதிர்வெண்கள் இருப்பதால், அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகக் குரலோடு ஒட்டாத புதிய ஒலிகளும் நடுவில் முளைத்துச் சொற்களை மூடுகின்றன. ‘ச’ போன்ற உரசொலிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதியும் 44,100 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில், அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதற்கும் இடமில்லை. ஆகவே 9,000 ஹெர்ட்ஸ் சீறலின் மூன்றாம் மேற்சுரமான 27,000 ஹெர்ட்ஸ், மடங்கித் திரும்பி 17,100 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். எனக்குத் தகரமாகக் கேட்டதில் இதற்கும் பங்கிருந்தது.

இம்முறை வடிகட்டலை முதலில் வைத்தேன். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் உள்ளதைக் குறைத்தேன். இது பழைய தொலைபேசிகளின் அலைவரம்பு, சிறிய ஒலிபெருக்கி கொண்ட வானொலிக்கும் ஏறக்குறையப் பொருந்துகிறது. பெரும்பாலான சீறல் அங்கேயே அடங்கிவிட்டதால், அடுத்துச் சேர்த்த ‘சாஃப்ட் ஓவர்டிரைவ்’ என்ற மென்மையான டிஸ்டார்ஷன் வகை உயிரொலிகளை மட்டும் இலேசாகத் தடிக்கச் செய்தது. சிதைவால் புதிதாக எழுந்த மேற்சுரங்களுக்காக அதே வடிகட்டியை இன்னொரு முறையும் போட்டேன். இந்த வரிசையை மாற்றினால் பலன் கெட்டுவிடும் என்பதை இரண்டு மூன்று முறை மாற்றிப் பார்த்தே உறுதி செய்துகொண்டேன். பிறகு, சிதைக்காத நகலைச் சிதைத்த தடத்துக்கு அடியில் மெல்லிய அளவில் சேர்த்ததும், ‘சிங்கப்பூர்’ முழுச்சொல்லாகக் காதில் விழுந்தது. சிதைத்த குரலையும் சிதைக்காத குரலையும் ஒப்பிடும்போது, உரத்த ஒலி மறுபடி ஏமாற்றாதபடி இரண்டையும் ஒரே ஒலியளவில் வைத்தே கேட்டேன்.

அடுத்த ஒத்திகையில் அந்த அம்மையார் அறிவிப்பு முடியும்வரை கண்களை மூடியபடி கேட்டார். பிறகு, “அடுப்புச் சத்தத்த மட்டும் கொஞ்சம் குறைங்க தம்பி” என்றார். குறைத்தேன்.